தெல்லிப்பழை வளவுகளும் நமது தராசும்

வைகாசி, ஆனி மாதங்களில் கொழும்புப் பழக்கடை ஒன்றில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மாம்பழம் வாங்க வருபவர் முதலில் விலையைக் கேட்பதில்லை. “யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பானா?” என்றுதான் கேட்பார். ஆம் என்று சொன்ன பிறகே விலைப் பேச்சு. இந்தப் பழத்தை வாங்கி விற்கும் நம் சகோதரர்களில் எத்தனை பேர் அது எப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறது என்று யோசித்திருப்பார்கள்? பெருந்தோட்டங்களிலிருந்து வருவது குறைவு. ஒரு வீட்டு வளவில் ஒரு மரம், அடுத்த வளவில் இரண்டு மரம், ஒழுங்கையின் முடிவில் இன்னொரு மரம் என்று சேர்த்துத்தான் லொறி நிரம்புகிறது. தேசிக்காய், கறிவேப்பிலை, மாதுளை, வாழைக்குலை, முருங்கைக்காய் எல்லாவற்றிலும் வளவுகளின் பங்கு சிறியதல்ல.

ஆகவே வீட்டுத்தோட்டம் என்றதும் அது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு, பாடசாலைப் பிள்ளைகளின் போட்டிக்குரிய விடயம் என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வளர்ப்பவருக்கும் இதில் பணம் இருக்கிறது, வாங்கி விற்பவருக்கும் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் கணக்கில் தவறும் இடங்களும் இருக்கின்றன. அதிலும் நம்மவர்கள் தவறும் இடம் ஒன்று, மார்க்கம் தெளிவாகத் தடுத்த இடமாகவும் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் மண்ணைப் பார்ப்போம்.

1990இல் வெளியேறிய இரு ஊரார்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம் தாண்டித் தெல்லிப்பழை வரும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் பாடசாலை தொடங்கிய ஊர். 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய மகாஜனக் கல்லூரியும், துர்க்கை அம்மன் ஆலயமும் இங்குதான். கல்விக்கும் ஆலயத்துக்கும் பெயர்போன இந்த ஊர், மண்ணுக்கும் பெயர்போனது. வலிகாமத்தின் செம்மண் பரப்பில் இது ஒரு நல்ல பங்கைப் பெற்றிருக்கிறது.

1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபோது தெல்லிப்பழையின் வடபகுதியும் அதற்கப்பால் கடற்கரை வரையிலான ஊர்களும் காலியாகின. பலாலியையும் காங்கேசன்துறையையும் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து நமது மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில், கையில் எடுத்ததோடு வெளியேற்றப்பட்டார்கள். யார் வெளியேற்றினார்கள், ஏன் என்ற கேள்விகளில் இரண்டு சம்பவங்களும் ஒன்றல்ல. ஆனால் நிலத்தைப் பொறுத்தவரை விளைவு ஒன்றுதான். ஒரே ஆண்டில், பத்துப் பதினைந்து கிலோமீற்றர் இடைவெளியில், இரண்டு சமூகத்தாரின் வளவுகளில் பற்றை முளைத்தது.

புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் போன நம்மவர்களில் ஒரு பகுதியினர் அங்கே வெங்காயம், மிளகாய் தோட்டங்களில் கூலிக்கு நின்றார்கள். கடை வைத்திருந்தவர் மண்வெட்டி பிடித்தார். அந்தக் காலத்தில் கற்ற பாத்தி கட்டும் வேலை சிலருக்கு இன்றும் கைகொடுக்கிறது. தெல்லிப்பழையார் 2009க்குப் பிறகு கட்டங்கட்டமாகவே திரும்ப முடிந்தது. சிலருக்கு வீடு இருக்கவில்லை, சிலருக்கு வேலி எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. கிணறு மட்டும் இருந்தது. துப்புரவாக்கிய கிணற்றைச் சுற்றி முதலில் நட்டது வாழையும் முருங்கையும்தான் என்றால் அதில் ஆச்சரியமில்லை. முருங்கைத் தடியை நட்டால் அடுத்த வருடமே காய் பார்க்கலாம். வாழை ஓராண்டில் குலை தள்ளும். கையில் காசில்லாமல் திரும்பியவனுக்கு இவற்றைவிட விரைவான முதலீடு எது?

செம்மண்ணும் நாற்பது அடிக் கணக்கும்

செம்மண் நல்ல மண், ஆனால் செலவாளி மண். மழையானாலும் இறைப்பானாலும் தண்ணீர் அதில் நிற்காது, கீழே சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடும். பழைய காலத்து யாழ்ப்பாணத்து விவசாயி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வேலியில் நின்ற பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் குழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தினார். வேலி அடைத்து உக்கிய பனையோலையையும் மண்ணுக்குள் புதைத்தார். ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் இரவில் தோட்டத்தில் கட்டச் செய்து எருவைப் பெற்றார். ஆட்டுக்காரருக்கு அதற்குக் கூலியும் கொடுத்தார். இப்படிச் சேர்ந்த சேதனப் பொருள்தான் தண்ணீரைப் பிடித்து வைத்தது. மதில் கட்டி வேலியை ஒழித்த வீடுகளில் குழை இல்லை. அங்கே பசளைப் பையை நம்ப வேண்டியிருக்கிறது.

தண்ணீர் விடயம் இன்னும் முக்கியம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. அந்த மிதக்கும் நன்னீரைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த ஓரடியை இறைத்து முடித்தால் கீழிருந்து நாற்பது அடிக்கு உப்புநீர் ஏறும். வியாபாரிக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. மேலே தெரியும் ஓரடி இலாபம், கீழே இருக்கும் நாற்பது அடி முதல். இலாபம் என்று நினைத்து இழுத்தால் போவது முதல்.

துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மெசின் வந்த பிறகு அந்தக் காவல் போய்விட்டது. வீட்டுத்தோட்டக்காரர் காலையிலும் பின்னேரத்திலும் மரத்தடியில் மூடாக்குப் போட்டு அளந்து ஊற்றினால் போதும். வைக்கோல், காய்ந்த வாழைச் சருகு, தென்னஞ்சோற்றி எதுவானாலும் மூடாக்குத்தான். சொட்டுநீர்க் குழாய் போடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இது சுண்ணாம்புத் தண்ணீர். துளைகளில் வெள்ளைப் படிவு அடைத்துக்கொள்ளும். இடைக்கிடை கழற்றிக் கழுவாவிட்டால் ஒரே வருடத்தில் குழாய் வெறும் கயிறாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. இதே கிணற்றைத்தான் வீட்டார் குடிக்கிறார்கள். வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் கிணற்றை அண்டிய மலக்குழிகளும் இதற்குக் காரணங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல. பக்கத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த விவகாரத்தை வாசகர்கள் அறிவீர்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்றை இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. நிலத்தடி நீர் கெட்டால் பணத்தால் அதை உடனே திருப்பிவிட முடியாது என்பதற்கு அந்த ஊர் மக்களே சாட்சி. எருக்குவியலைக் கிணற்றடியில் வைக்காதீர்கள். யூரியாவைக் கையால் அள்ளி எறிகிற பழக்கத்தை விடுங்கள்.

இரண்டு பரப்பில் என்ன வைக்கலாம்?

யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு பத்துப் பேர்ச். வீடு போக இரண்டு பரப்பு வெளி இருந்தால் அதைத் தாராளமான வளவு என்று சொல்லலாம்.

பெரிய மரங்களை முதலில் தீர்மானியுங்கள். பிறகு நகர்த்த முடியாது. ஒட்டுக் கறுத்தக்கொழும்பான் ஒன்று, வீட்டுச் சுவரிலிருந்தும் அடுத்த மரத்திலிருந்தும் இருபத்தைந்து, முப்பது அடி தள்ளி. விதை போட்டு முளைத்த கன்றை மலிவு என்று வாங்காதீர்கள். காய்க்கப் பல வருடம் எடுக்கும், காய்ப்பது தாய் மரத்துச் சுவையாக இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஒட்டுக்கன்று நான்கைந்து வருடத்தில் வருமானம் காட்டத் தொடங்கும். செம்பாட்டான், அம்பலவி, விலாட்டு என்று யாழ்ப்பாணத்துக்கே உரிய இனங்கள் வேறும் உண்டு. வீட்டுக்குச் சாப்பிட அவை அருமையானவை. வெளியூருக்கு விற்க என்றால் பெயர் விழுந்த கறுத்தக்கொழும்பானே சரி. தேசி இரண்டு, மாதுளை ஒன்று, கறிவேப்பிலை இரண்டு, எல்லையோரமாக முருங்கை மூன்று நான்கு. குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை. கிணற்றடி வாழை என்ற பழைய முறை தண்ணீரை இருமுறை பயன்படுத்தும் கெட்டித்தனம். கப்பல், இதரை, கதலி எது வைத்தாலும் ஒரு குற்றியில் மூன்று மரத்துக்கு மேல் விடாதீர்கள்.

மரக்கறியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைப்பதுதான் புதியவர்கள் விடும் பிழை. பயிற்றங்காய் எல்லாம் ஒரே கிழமையில் காய்த்து, அந்தக் கிழமை அயலாருக்கும் வேண்டாம் என்றாகி, அடுத்த கிழமை கடைக்கு ஓட வேண்டிவரும். முளைக்கீரை 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். வெண்டி 45 முதல் 50 நாளில் முதல் காய் தரும். பயிற்றையும் பாகலும் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைய. கத்தரியும் மிளகாயும் நாற்று மேடையில் ஒரு மாதம் நின்று பிறகு நடுகையாகும், ஆனால் மாதக்கணக்கில் தொடர்ந்து தரும். இரண்டு கிழமைக்கு ஒரு பாத்தி என்று தள்ளித் தள்ளி விதைத்தால் ஆண்டு முழுவதும் கூடையில் ஏதாவது இருக்கும். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட இனங்களிலேயே திருநெல்வேலி ஊதாக் கத்தரியும் திருநெல்வேலி வெள்ளைப் பாகலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கியவை. இந்த மண்ணில் வைக்க அவற்றைவிட வேறு சிபாரிசு தேவையில்லை.

நிலம் இல்லாத சோனகத் தெரு வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. உரப்பையில் செம்மண், எரு, உக்கிய குப்பை சம பங்காகப் போட்டு மிளகாய், கத்தரி, தக்காளி வைக்கலாம். பையின் அடியில் துளை இருக்க வேண்டும். மாடியில் வைப்பதானால் நண்பகல் வெயிலுக்கு ஒரு பழைய வலை கட்டுங்கள். அவ்வளவுதான்.

பூச்சி விடயத்தில் மாம்பழத்துக்குப் பெரிய எதிரி பழ ஈ. மருந்து அடித்துப் பழ ஈயை வெல்ல முடியாது. அது காயின் தோலுக்குள் முட்டையிட்டுவிடும். கடதாசிப் பை கட்டுவதும், கவர்ச்சிப் பொறி தொங்கவிடுவதும், விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைப்பதும்தான் வழி. ஒரு வளவு மட்டும் செய்தால் போதாது. ஒழுங்கை முழுவதும் செய்ய வேண்டும். ஊர்ச் சங்கங்களுக்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியாது.

கணக்குப் புத்தகம் திறந்தவர்கள் குறைவு

வீட்டுத்தோட்டத்தில் இலாபம் இல்லை என்பவர்களில் பெரும்பாலானோர் எழுதிப் பார்த்தவர்கள் அல்லர். விற்றதை மட்டும் வருமானமாகப் பார்க்கிறார்கள், சட்டிக்குள் போனதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கொப்பி வைத்து, சமையலறைக்குப் போகும் ஒவ்வொரு பிடி கீரையையும் அன்றைய சந்தை விலையில் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினால் போதும். செலவுப் பக்கத்தில் விதை, பசளை, மின்சாரம் மட்டுமன்றி, கூலி கொடுத்திருந்தால் அதையும், கூலி கொடுக்காமல் வீட்டார் செய்திருந்தால் அந்த மணித்தியாலங்களையும் எழுத வேண்டும். நேர்மையான கணக்கில்தான் எந்தப் பயிரை விட வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்பது தெரியும்.

2022இல் இந்தக் கணக்கை நாடே படித்தது. முந்திய ஆண்டில் இரசாயனப் பசளைக்கு விதித்த திடீர்த் தடை, பிறகு டொலர் தட்டுப்பாடு, எரிபொருள் வரிசை. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை தீர்மானித்ததும் அதே ஆண்டுதான். லீவு கிடைத்ததும் கத்தரி காய்த்துவிடாது என்பது வேறு கதை. ஏற்கெனவே கிணறும் பாத்தியும் எருவும் வைத்திருந்தவர்களுக்கே அந்த ஆண்டு வளவு சோறு போட்டது. யாழ்ப்பாணத்தார் இந்தப் பாடத்தை அதற்கு முன்னரே படித்தவர்கள். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு 2009 வரை தரைவழி இல்லாமல் இருந்த காலத்தில் கொழும்பு லொறி வரும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

அதற்கும் முந்தியது 1970 முதல் 1977 வரையான காலம். மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்திய அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்து விவசாயி கல்வீடு கட்டினார். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் விலை விழுந்தது. ஒரே பயிரையும் ஒரே கொள்கையையும் நம்பியவர்கள் அடிபட்டார்கள். பத்து வகை வைத்திருக்கும் வளவுக்கு அப்படி ஒரே நாளில் அடி விழாது.

பூவில் விலை பேசுவது

இப்போது நமது பக்கத்துக்கு வருவோம். தை, மாசியில் மாமரம் பூத்ததும் வியாபாரி படலையில் நிற்பார். “அம்மா, மரத்தை என்ன விலைக்குத் தருவியள்?” என்று கேட்பார். பிள்ளைகள் வெளிநாட்டில், மரத்தில் ஏற ஆளில்லை. வீட்டிலிருக்கும் முதியவர் ஒரு தொகையைச் சொல்வார். காசு கைமாறும். பூவிலேயே முழு மரத்தையும் விலைபேசி எடுக்கும் இந்த வழக்கம் நம் நாட்டில் பல இடங்களிலும் உண்டு. இதில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

பழம் முற்றும் நிலை தெரியுமுன் அதை விற்பதையும் வாங்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஸஹீஹுல் புஹாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. அல்லாஹ் அந்தப் பழத்தைத் தடுத்துவிட்டால் உன் சகோதரனின் பணத்தை எதற்குப் பகரமாக எடுப்பாய் என்ற கருத்தே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பூவில் வாங்கும்போது இரண்டில் ஒருவர் ஏமாறுவது உறுதி என்பதை வியாபாரம் தெரிந்தவர் மறுக்க மாட்டார்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பழம் வரும் என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்தீர்கள். பங்குனியில் ஒரு காற்று, பிறகு பழ ஈ. கையில் வந்தது அறுநூறு. நட்டம் உங்களுக்கு. அடுத்த வருடம் அதைச் சரிக்கட்ட எழுநூறு என்று சொல்லிக் குறைத்துப் பேசுகிறீர்கள். அந்த வருடம் மரம் ஆயிரத்து இருநூறு காய்க்கிறது. நட்டம் அந்த அம்மாவுக்கு. மூன்றாம் வருடம் அவர் படலையைத் திறக்க மாட்டார். திறந்தாலும், தன்னுடையது அல்லாத மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவார், யார் பழ ஈக்குப் பை கட்டுவார்? நீங்களும் காய் முற்றுமுன்னே பறிக்க அவசரப்படுவீர்கள். வேறொருவர் பறித்துவிடுவார் என்ற பயம். பிஞ்சைப் பறித்துக் கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது அங்கேதான் தொடங்குகிறது. அது உடலுக்கும் கேடு, கறுத்தக்கொழும்பான் என்ற பெயருக்கும் கேடு.

மாற்று வழி கடினமானதல்ல. காய் முற்றத் தொடங்கியபின் வந்து நிறுத்து வாங்குங்கள். முற்றியதைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. காம்படியில் தோள் இரண்டும் நிரம்பி மேலெழும். தண்ணீரில் போட்டால் முற்றிய காய் தாழும், பிஞ்சு மிதக்கும். முற்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஸலம் முறை இருக்கிறது. இனம், தரம், நிறை, ஒப்படைக்கும் நாள் எல்லாம் தெளிவாகப் பேசி, முழுப் பணத்தையும் அந்தச் சபையிலேயே கொடுப்பது. ஆனால் இந்த ஒரு மரத்தின் காய்தான் என்று குறித்து ஸலம் பேச முடியாது. நமது ஷாபிஈ மத்ஹபின் விபரங்களை உங்கள் பள்ளியின் இமாமிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மரத்தைப் பராமரித்துத் தருகிறேன், பறித்துத் தருகிறேன், அதற்கு இவ்வளவு கூலி என்று வேலையாகப் பேசுவதும் இன்னொரு வழி. முதியவர்கள் மட்டும் இருக்கும் வளவுகளில் இதற்குத்தான் ஆள் தேவை. ஸகாத் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் மரக்கறிக்கும் மாம்பழத்துக்கும் விளைச்சல் ஸகாத் இல்லை. ஆனால் விற்பதற்காக வாங்கிய சரக்கு வியாபாரப் பொருளாகிவிடும், அதன் ஸகாத் வேறு.

பத்து வீதக் கழிவு

பூவில் பேசுவதைவிட அதிகம் மனக்கசப்பைத் தந்தது இன்னொன்று. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் நூறு கிலோ கொண்டுவந்தவருக்குத் தொண்ணூறு கிலோவுக்குக் காசு. மீதிப் பத்துக் கிலோ கழிவு. அழுகினாலும் அழுகாவிட்டாலும் கழிவு. இதை நிறுத்தும்படி விவசாயிகள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அதிகாரிகளும் நிறுத்தும்படி சொல்லியிருக்கிறார்கள். சந்தை வியாபாரி தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வார். ஏற்றி இறக்குவதில் சேதம், நிறை வற்றல், கொழும்பில் தள்ளுபடி என்று. அந்த நியாயத்தில் உண்மை இருக்கிறது. அறுவடைக்குப் பின் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 வீதம் வரை இந்த நாட்டில் வீணாவதாக நீண்ட காலமாக மதிப்பிடப்படுகிறது. ஆனால் அந்தச் சேதத்தை விலையில் பேச வேண்டும். தராசில் பேசக்கூடாது. கிலோவுக்கு இவ்வளவு குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் கொண்டுவந்தவர் அடுத்த கடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நிறையில் கழித்தால் அவரால் ஒப்பிட முடியாது. அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் யாரைப் பற்றி இறங்கியது என்பதை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் முதல் வருடமே படிக்கிறார்கள். நாம் எதற்கு விளக்கம் தேட வேண்டும்?

வளவுகளிலிருந்து வாங்குகிறவருக்கு இது இன்னும் முக்கியம். சந்தைக்குப் போகும் பெரிய விவசாயி கழிவைத் தாங்குவார். ஐந்து கிலோ தேசிக்காய் வைத்திருக்கும் வீட்டுப் பெண் அரைக் கிலோவை இழந்தால், அடுத்த முறை தேசிக்காய் மரத்தடியிலேயே கிடந்து அழுகும். முத்திரை குத்திய தராசோடு வீட்டு வாசலில் நிறுத்து, கண்ணெதிரில் காசு கொடுங்கள். நிறுவை, அளவைத் திணைக்களத்தின் ஆண்டு முத்திரை இல்லாத தராசு சட்டப்படியும் குற்றம்.

சேதத்தைக் குறைக்கும் வேலையும் வாசலிலேயே தொடங்குகிறது. மாங்காயைக் கொக்கத்தடியால் அடித்து விழுத்தாமல் வலைப்பை கட்டிய தடியால் இறக்கி, காம்பை ஓர் அங்குலம் விட்டு வெட்டிக் கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விடுங்கள். பால் பட்ட தோல் கறுக்கும், கொழும்பில் அதைத் தள்ளிவிடுவார்கள். சாக்கில் கட்டாமல் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்குங்கள். 2011 இறுதியில் அரசாங்கம் பெட்டியைக் கட்டாயமாக்கப் போனபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். பெட்டியின் விலையும் வெறும் பெட்டி திரும்பி வரும் லொறிக் கூலியும் யாருடைய தலையில் என்ற கேள்வி நியாயமானதே. சிறிய சுற்றுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஐம்பது பெட்டி, ஒரு முச்சக்கரவண்டி அல்லது லாண்ட்மாஸ்டர், மல்லாகம், தெல்லிப்பழை, அளவெட்டி என்று கிழமைக்கு இரண்டு நாள். குறித்த நாளில் தவறாமல் வருகிற வியாபாரிக்காக வீட்டார் காயைப் பறிக்காமல் வைத்திருப்பார்கள்.

ரமழானைக் குறிவைத்து

ரமழான் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னோக்கி வருகிறது. 2026 முதல் 2030 வரை அதன் தொடக்கம் ஜனவரி, பெப்ரவரி மாதங்களுக்குள் விழுகிறது. 2030இல் டிசம்பர் கடைசியில் இன்னொரு முறையும் வருகிறது. யாழ்ப்பாணத்துக்கு இது மாரி முடிந்து கிணறு நிரம்பியிருக்கும் காலம். கார்த்திகை நடுப்பகுதியில் நாற்றும் விதையும் ஆயத்தமானால் கத்தரி, பயிற்றை, வெண்டி, கீரை எல்லாம் நோன்புக்குச் சந்தைக்கு வரும். ஆனால் 2024 நவம்பர் இறுதி மழையைப் போல ஒன்று வந்தால் பள்ளப் பாத்தி தாங்காது. மாரிக்கு மேட்டுப்பாத்திதான்.

தேசிக்காய்க்கு இன்னும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பூத்ததிலிருந்து காய் பறிக்க ஐந்து, ஆறு மாதம் செல்லும். ஆடியில் சில கிழமை தண்ணீரை நிறுத்தி மரத்தை வாட விட்டு, பிறகு எருப் போட்டு நன்றாக இறைத்தால் பூக்கும். அந்தப் பூ நோன்புக் கஞ்சி காலத்தில் காயாகும். முருங்கைக்காயில் விலை வேறு விதம். மாரி மழையில் பூ உதிர்ந்து வரத்துக் குறைந்து, மார்கழி, தையில் விலை எங்கோ போகும். அந்த நேரத்தில் காய் எடுக்க முடியாது, ஆனால் இலை நிறைய இருக்கும். முருங்கையிலையைக் கட்டுக் கட்டாகக் கழுவித் தரும் ஒருவருக்கு நகரத்துக் கடைகளில் இடம் உண்டு.

கன்று, விதை வேண்டியவர்கள் ஆவணி, புரட்டாதியிலேயே தங்கள் பகுதிக் கமநல சேவைகள் நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். திருநெல்வேலியிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் பண்ணையில் ஒட்டுக்கன்றுகளுக்கு மாரி தொடங்கியதும் நெரிசல் வந்துவிடும். கன்று வாங்கும்போது ஒட்டிய இடம் நன்றாகப் பொருந்தியிருக்கிறதா, அதற்குக் கீழே துளிர் விட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கீழ்த்துளிரை நுள்ளாமல் விட்டால் நான்கு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது கறுத்தக்கொழும்பானாக இருக்காது.